காணி சும்மா கிடக்கவில்லை

2010ஆம் ஆண்டு ஆவணி மாதம். வவுனியா வடக்கில், சிறு குளமொன்றை அண்டிய ஒரு கிராமம். 1997இல் சண்டை நெருங்கியபோது அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் சில, பதின்மூன்று ஆண்டுகளின் பின் தம் காணிகளைப் பார்க்க வந்திருந்தன. 2002இல் சமாதானம் வந்தபோதும் மிதிவெடிப் பயத்தால் அவர்கள் திரும்பவில்லை. இப்போது மிதிவெடி அகற்றுவோர் "போகலாம்" என்று சொல்லி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. கையில் கத்தியோடு எமக்கு முன்னால் நடந்த பெரியவர் ஒருவர் திடீரென நின்றுவிட்டார்.

"சுவாமி, இது என்ரை காணிதானோ எண்டு எனக்கே விளங்கேல்லை. கிணறு எங்கை, வீடு எங்கை? எல்லாம் காடாய்ப் போச்சு. அப்பு காலத்து உழைப்பு முழுக்கச் சும்மா கிடந்து பாழாய்ப் போச்சு."

நாமும் அப்படித்தான் எண்ணினோம். அந்தக் காட்டை எவ்வளவு விரைவாக அகற்றுகிறோமோ அவ்வளவு விரைவாக அவர் மீண்டும் கமக்காரராவார் என்று நம்பினோம். ஆகவே பலரிடம் பேசி டோசர் ஒன்றை ஒழுங்கு செய்தோம். அரை நாளில் இரண்டு ஏக்கர் காணி மேசை போலாகிவிட்டது. பற்றை, வேர், அடிக்கட்டை, மேல்மண் எல்லாம் சேர்ந்து எல்லையோரம் ஒரு மேடாகக் குவிந்தன. அதற்குத் தீ மூட்டினார்கள். பெரியவர் கைகூப்பி நன்றி சொன்னார்.

அடுத்த காணிக்காரி இரண்டு பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒரு தாய். பட்டியலில் அவர் பெயர் பிந்தி வந்ததால் டோசர் கிடைக்கவில்லை. அந்த மாரிக்குக் கத்தியும் மண்வெட்டியும் கொண்டு கால் ஏக்கரை மட்டும் வெட்டினார். அவரை நினைத்து நாம் கவலைப்பட்டோம்.

கவலைப்பட்டிருக்க வேண்டியது பெரியவரை நினைத்துத்தான். ஐப்பசி மழை இறங்கியபோது அவருடைய காணியிலிருந்து செந்நீர் வாய்க்காலுக்கு ஓடியது. அவர் போட்ட கச்சான் மஞ்சளித்து நின்றது. மழைவிட்ட சில நாட்களில் நிலம் ஓடு போல இறுகியது. அந்தத் தாயின் கால் ஏக்கரிலோ கத்தரியும் பயிற்றையும் கறுத்துச் செழித்தன. இரு காணிகளுக்கும் இடையில் ஒரு பழைய வேலிதான் இருந்தது. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று.

அன்று எமக்குத் தெரியாதிருந்ததை இங்கே எழுதுகிறோம். இன்னும் காணி விடுபடாமல் காத்திருப்போருக்கும், திரும்பிப் போய்ப் பற்றைக்கு முன்னால் மலைத்து நிற்போருக்கும் இது உதவக்கூடும்.

இடப்பெயர்வே அளவுகோல்

வெட்டி வெறுமையாக்கிய நிலத்தில் செடிகொடிகள் எவ்வாறு திரும்பி வருகின்றன என்பதை ஆராய்வோர், வெவ்வேறு காலங்களில் கைவிடப்பட்ட நிலங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவர். இரண்டு ஆண்டு கிடந்த நிலம், பத்து ஆண்டு கிடந்த நிலம், இருபது ஆண்டு கிடந்த நிலம் என்று வரிசையாகப் பார்த்தால் அவை ஒரு ஏணியின் படிகள் போலத் தோன்றும்.

எமது மக்கள் அந்த ஏணியைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள். 2008இல் கிளிநொச்சியைவிட்டு வெளியேறி 2010இல் திரும்பியவர்கள் இரண்டு வயதுப் பற்றையைக் கண்டார்கள். 2006இல் சம்பூரைவிட்டு ஓடி 2015, 2016ஆம் ஆண்டுகளில் திரும்பியவர்கள், முகாம் அமைக்கப்படாத பக்கங்களில் பத்து வயதுக் காட்டைக் கண்டார்கள். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியோரில் பலர் கால் நூற்றாண்டின் பின்னரே தம் வீடுகளைக் கண்டார்கள். அங்கே கூரையில்லாத சுவர்களை ஆலும் அரசும் வேரால் பற்றிப் பிடித்திருந்தன. அறைக்குள் வேம்பு நின்றது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வரண்ட வலயத்தில் நிலம் எவ்வாறு தன்னை மூடிக்கொள்கிறது என்பது தெளிவாகும்.

முதலாவது மாரி

பயிரை விட்டுவிட்டு நாம் போனதும் நிலம் வெறுமையாகத் தோன்றும். ஆனால் மேல் ஒரு சாண் மண்ணுக்குள் எண்ணற்ற விதைகள் உறங்குகின்றன. நாம் ஆண்டுதோறும் களை பிடுங்கிய காலத்திலும் அவை அங்கேயே இருந்தன. முதல் மழையோடு சாறணை, குப்பைமேனி, நாயுருவி, துத்தி, பலவகைப் புற்கள் எல்லாம் முளைக்கின்றன. கோரைக்கு விதைகூடத் தேவையில்லை. அதன் கிழங்கு மண்ணுக்குள் தயாராக உள்ளது. எருக்கலையின் விதை பஞ்சோடு காற்றில் பறந்து வருகிறது. நாயுருவி மாட்டின் மயிரிலும் எமது சாரத்திலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இவை குறுகிய ஆயுள் கொண்டவை. விரைவாக முளைத்து, விரைவாகப் பூத்து, கோடையில் காய்ந்து விழும். ஆயினும் இவற்றின் வேலை பெரிது. எமது பிரதேசத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. வெறும் நிலத்தில் அந்த மழை விழுந்தால் மேல்மண் குளத்துக்குப் போய்விடும். முதல் மாரியிலேயே நிலத்தை மூடும் இந்தப் பூண்டுகள் மழைத்துளியின் அடியைத் தாம் தாங்குகின்றன. காய்ந்து விழுந்தபின் அடுத்த செடிக்கு உரமாகின்றன. இவற்றோடு காவிளாயும் வரும். எமது முன்னோர் அதைப் பிடுங்கி வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகத் தாட்டது காரணத்தோடுதான். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன.

முள்ளின் வேலை

இரண்டு மூன்று மாரிகளின் பின் பற்றை எழுகிறது. நாயுண்ணி, ஆவரசு, சூரை, இலந்தை, ஈச்சு, இவற்றுக்கிடையில் கினிப்புல். திரும்பிப் போகும் கமக்காரருக்கு மிகவும் வெறுப்பூட்டும் கட்டம் இதுவே. உடுப்புக் கிழியும், கை கீறும், பாம்புப் பயம் வேறு.

ஆனால் அந்த முள்ளுக்குள் குனிந்து பாருங்கள். வெளியே வெட்டைவெளியில் ஆடும் மாடும் கடித்துத் தீர்க்கும் வேப்பங்கன்று, சூரைப் பற்றையின் நடுவே பத்திரமாக நிற்கும். முள் அதற்கு வேலி. பற்றையின் நிழலில் மண் குளிர்ந்திருக்கும். கோடையிலும் சிறிது ஈரம் நிற்கும். உதிர்ந்த இலைகளைக் கறையானும் மண்புழுவும் மண்ணோடு சேர்க்கும். இறுகிய மண்ணை வேர்கள் பிளந்து இளக்கும். அந்தத் தாய் வெட்டிய கால் ஏக்கரில் பயிர் செழித்ததற்குக் காரணம் இதுதான். பதின்மூன்று ஆண்டுகளாகப் பற்றை சேர்த்துவைத்த சேதனப் பொருளில் அவர் பயிரிட்டார். பெரியவரின் பங்கை நாம் எல்லையோரம் குவித்து எரித்துவிட்டோம். எரித்தபோது அதிலிருந்த நைதரசன் புகையோடு போயிற்று. எஞ்சிய சாம்பலின் பெரும்பகுதியை மழை கழுவிச் சென்றது.

பறவையும் வௌவாலும் நட்ட மரங்கள்

பற்றை எழுந்ததும் பறவைகள் வருகின்றன. வெட்டைவெளியில் காகத்துக்கும் மைனாவுக்கும் குயிலுக்கும் என்ன வேலை? இருக்க ஒரு கொப்பும் தின்ன ஒரு பழமும் வேண்டும். நாயுண்ணிப் பழம் தின்ன வந்த பறவை, வேறிடத்தில் தின்ற வேப்பம்பழத்தின் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகிறது. பழந்தின்னி வௌவால் இரவில் நாவல் கொட்டையைக் கொண்டுவருகிறது. மாடு தின்ற உடை, வேல் காய்களின் விதை சாணத்தோடு விழுகிறது. யானை நடமாடும் இடங்களில் விளாம்பழ விதைகள் அதன் இலத்தியிலிருந்து முளைக்கும். பாலைப்பழமும் வீரைப்பழமும் கரடியின் விருப்ப உணவு. அந்த விதைகளும் அவ்வாறே ஊர் ஊராகச் செல்லும்.

எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டும் என்பதுமில்லை. சேனைக்காகக் கத்தியால் வெட்டப்பட்ட காட்டில் அடிக்கட்டைகள் உயிரோடிருக்கும். அவை மீண்டும் துளிர்க்கும். விதையிலிருந்து எழும் கன்றைவிட அடிக்கட்டைத் துளிர் வேகமாக வளரும், ஏனெனில் அதன் வேர் ஏற்கெனவே ஆழத்தில் உள்ளது. நீண்ட இடைவெளி விட்டுச் சேனை வெட்டிய எமது முன்னோரின் நிலம் திரும்பத் திரும்பக் காடாக முடிந்தது இதனாற்றான். டோசர் போன இடத்திலோ அடிக்கட்டையும் இல்லை, விதை உறங்கும் மேல்மண்ணும் இல்லை. அங்கே ஏணியின் அடிப்படியே முறிந்துவிடுகிறது.

பனையின் கதை வேறு. விழுந்த பழத்தின் கொட்டை முளைத்து முதலில் நிலத்துக்குள் இறங்குகிறது. பனங்கிழங்கு பிடுங்கும் எமக்கு இது தெரிந்ததே. பின்னரே ஓலை விடுகிறது. பல ஆண்டு வடலியாக நின்றுதான் மரமாகிறது. கைவிடப்பட்ட வளவொன்றில் ஆளுயர வடலிகள் கூட்டமாக நின்றால், அங்கே பழம் பொறுக்க ஆளில்லாமல் எத்தனை காலம் போயிற்று என்பதை ஊகிக்கலாம்.

வன்னிக் காட்டின் வயது

பத்து, இருபது ஆண்டுகளில் எழுவது இளங்காடு. வேம்பு, ஆத்தி, திருக்கொன்றை, விண்ணாங்கு போன்றவை அங்கே தலையெடுக்கும். பாலை, முதிரை, கருங்காலி, வீரை நிறைந்த பெருங்காடு எழுவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். அவை மெதுவாக வளர்பவை. வைரம் பாயக் காலம் எடுப்பவை.

ஆயினும் அதுவும் நடந்திருக்கிறது. நாம் ஆதிகாலக் காடு என்று நினைக்கும் வன்னிக் காட்டுக்குள் உடைந்த குளக்கட்டுகளும், செங்கற்களும், கற்றூண்களும் கிடப்பதை வேட்டைக்கும் தேனுக்கும் போனவர்கள் கண்டிருப்பார்கள். பண்டைய குளக் குடியிருப்புகள் 13ஆம் நூற்றாண்டை அண்டிப் பல இடங்களில் கைவிடப்பட்டபின், அந்த வயல்களின்மீது எழுந்த காடுதான் வரண்ட வலயத்தின் காட்டில் பெரும்பகுதி. மன்னாரின் கட்டுக்கரைக்குளமும் நெடுங்காலம் உடைந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் காலத்தில் மீண்டும் திருத்தப்பட்டது. எமது பூட்டன்மார் வெட்டிக் கழனியாக்கிய காடும் யாரோ ஒரு கமக்காரனின் பழைய வயலாக இருந்திருக்கக்கூடும்.

எது இதைத் தடுக்கும்?

இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1882இல் அங்கே ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் ஏறத்தாழ அரை ஏக்கரை அறுவடை செய்யாமல், உழாமல், அப்படியே விட்டார்கள். தானாக உதிர்ந்து முளைத்த கோதுமை களையோடு போட்டியிட முடியாமல் நான்கே ஆண்டுகளில் மெலிந்து மறைந்தது. பின்னர் பற்றை வந்தது, மரம் வந்தது. இன்று அது காடு. அதன் மண்ணில் அயல் வயலைவிடச் சேதனப் பொருள் மிக அதிகம். அதே துண்டின் இன்னொரு பகுதியில் முளைக்கும் மரக்கன்றுகளை ஆண்டுதோறும் அகற்றினார்கள். அங்கே புல்லும் பூண்டுமே நிற்கின்றன. ஒரே நிலம், ஒரே காலம். ஆண்டுக்கொருமுறை விழும் வெட்டுத்தான் வேறுபாடு.

எமது நாட்டிலும் இதைக் காணலாம். கோடைதோறும் தீ வைக்கப்படும் நிலம் இலுக்கும் கினிப்புல்லுமாகவே நிற்கும். தீ மரக்கன்றைக் கொல்கிறது, புல்லோ வேரிலிருந்து மீண்டும் எழுகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வெட்டப்படும் சேனை முட்பற்றையைத் தாண்டாது. வாகனங்கள் ஓடி இறுகிய முகாம் நிலத்தில் நீர் இறங்காததால் முளைப்பதே கடினம்.

இன்னொரு தடை பார்த்தீனியம். 1980களின் பிற்பகுதியில் இந்தியப் படையினரின் வருகையோடு இது எமது பகுதிக்கு வந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. கரட் இலை போன்ற இலை, சிறு வெள்ளைப் பூ. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். மேல்மண் கிளறப்பட்டு வெறுமையான நிலமே அதற்கு மிகவும் பிடித்த இடம். நிழல் விழும் பற்றைக்குள் அது அவ்வளவு தலையெடுக்காது. பெரியவரின் காணியில் இரண்டாம் மாரியில் முதலில் பரவியது அதுவே.

திரும்பிப் போகும்போது

எமது தவறிலிருந்தும் அந்தத் தாயின் அனுபவத்திலிருந்தும் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, உயிர். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் கால் வைக்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

இரண்டாவது, வெட்டுமுன் நடந்து பாருங்கள். எங்கே காவிளாய் நிற்கிறது, எங்கே கோரை மட்டும் நிற்கிறது, எங்கே மண் கறுத்து இளகியிருக்கிறது என்று கவனியுங்கள். எங்கே முதலில் பயிரிடலாம் என்பதை அவை சொல்லும்.

மூன்றாவது, ஒரே மாரியில் முழுவதையும் வெட்டாதீர்கள். பயிரிடக்கூடிய அளவை மட்டும் கத்தியால் வெட்டி, மற்றதை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். அது உங்கள் பசளைச் சேமிப்பு. இயந்திரம் கட்டாயம் தேவையென்றால், மேல்மண்ணை வழிக்காமல் பற்றையை மட்டும் அகற்றும்படி பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

நான்காவது, வெட்டியதை முழுவதும் எரிக்காதீர்கள். தடித்த கொப்புகள் விறகுக்கும் வேலிக்கும் உதவும். இலையையும் சிறு கிளையையும் சரிவுக்குக் குறுக்காக வரிசையாக இடுங்கள். ஓடும் மண் அங்கே தங்கும்.

ஐந்தாவது, வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் எல்லையிலும் ஒரு பட்டி மரங்களை விடுங்கள். வேம்பு, விளா, நாவல், வடலி முதலியவை தாமாக வந்திருந்தால் அவை இலவசமாகக் கிடைத்த கன்றுகள். பெருமரங்களையும் பனையையும் தறிக்குமுன் அனுமதி பற்றிக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

ஆறாவது, பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். கைக்கு உறையோ பையோ கட்டிக்கொள்ளுங்கள். தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சிழுப்பும் உண்டாகும்.

மரங்கள் சாட்சி சொல்லும்

காடு வளர்ந்ததால் இன்னொரு சிக்கலும் வந்தது. மக்கள் இல்லாத காலத்தில் எழுந்த பற்றையை அரச காடெனக் கருதி எல்லைக் கற்கள் நாட்டப்பட்ட இடங்கள் வடக்கில் உண்டு. "இங்கே யாரும் குடியிருக்கவில்லை, பாருங்கள், காடு" என்று சொன்னால் ஏழைக் கமக்காரன் என்ன பதில் சொல்வது?

உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைக் காட்டலாம். அவை ஓடிய வழியில் தொலைந்தவர்கள் பலர். அவர்களுக்கும் காணியே சில சாட்சிகளை வைத்திருக்கிறது. தென்னையும் பலாவும் ஒட்டுமாவும் வரண்ட காட்டில் தாமாக வரிசையில் முளைப்பதில்லை. வேலிக்கு நட்ட கிளுவை, பூவரசு, முருக்கங் கதியால்கள் வெட்டுவார் இன்றிப் பெருமரங்களாகி இன்றும் நேர்கோட்டில் நிற்கும். காட்டு மரம் நேர்கோட்டில் நிற்காது. ஆகவே எல்லையில் நிற்கும் பழைய மரங்களை அவசரத்தில் வெட்டிவிடாதீர்கள். அவற்றைப் படமெடுத்து, அயலவரைச் சாட்சிக்கு வைத்து, கிராம அலுவலருக்குக் காட்டியபின் வேலையைத் தொடங்குங்கள்.

இன்னும் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருப்போர், இப்போதே ஒரு வேலை செய்யலாம். வீட்டிலுள்ள முதியவரை இருத்தி, காணியின் படத்தை ஒரு கொப்பியில் கீறுங்கள். கிணறு எங்கே, புளி எங்கே, வேலியில் என்ன கதியால், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள். அவரது நினைவு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

அந்தப் பெரியவர் தமது கிணற்றை அப்படித்தான் கண்டுபிடித்தார். டோசர் தொடாமல் விட்ட எல்லையில், ஒரே வரிசையில் ஏழு பூவரசுகள் நின்றன. அவை தமது தகப்பன் நட்ட கதியால்கள் என்று அவர் அடையாளம் கண்டார். அங்கிருந்து அடியளந்து போய், குவிந்த மண்ணுக்குக் கீழே கிணற்றுக் கட்டைத் தட்டினார்.

அவர் காணி திருந்த ஐந்து மாரிகள் எடுத்தன. ஒரு பாதியை உழாமல் விட்டு, சணலும் காவிளாயும் போட்டுத் தாட்டு, எல்லையில் கிளிசரிடியா நட்டு, மெல்ல மெல்ல மண்ணைத் திருப்பி எடுத்தார். காவிளாய் விதை கொடுத்தவர் பக்கத்துக் காணித் தாய். பெரியவர் காலமான பின்னர் அவரது மகன் அங்கே கமம் செய்கிறார். கடைசியாக நாம் போனபோது, மேட்டுப்பக்கம் ஒரு பரப்பை இன்னும் வெட்டாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டோம்.

"அப்பு விடச் சொன்னவர், சுவாமி. அது வேலை செய்துகொண்டு நிக்குதாம்."